புதுப்பிப்பு: ரேண்டம் வாக் ஒரே பக்கம் சாய்ந்தது பிழை அல்ல

10,000 அடி ரேண்டம் வாக் (பூஜ்யத்தில் தொடங்கி, நாணயம் சுண்டியதுபோல் ஒவ்வோர் அடியிலும் ஒன்று கூடியோ குறைந்தோ நகரும் நடை) ஒன்றைக் கணினியில் ஓட்டியதில் 93% நேரம் அது பூஜ்யத்துக்கு மேலேயே இருந்தது, ரேண்டம் எண்களில் கோளாறோ என்று முன்பு கேட்டிருந்தேன். கோளாறு இல்லை.

கணிதவியலாளர் பால் லெவி 1939-இல் தந்த ஆர்க்சைன் விதியைப் (இத்தகைய நடை ஒரு பக்கத்தில் எவ்வளவு நேரம் இருக்கும் என்பதன் வாய்ப்பைச் சொல்வது) படித்தபிறகுதான் புரிந்தது. இரு பக்கமும் ஏறக்குறைய சரிபாதி நேரம் இருப்பதுதான் அரிது! மேலே இருக்கும் நேரம் 45 முதல் 55%-க்குள் அமையும் வாய்ப்பு சுமார் 6% மட்டுமே. ஏதோ ஒரு பக்கத்திலேயே 90%-க்கு மேல் கழியும் வாய்ப்போ சுமார் 41%. நம்ப மனம் வராமல் ரேண்டம் எண்களின் தொடக்க எண்ணை (seed) மாற்றி மாற்றி 1,000 முறை ஓட்டினேன். அப்படி 90%-க்கு மேல் ஒரே பக்கம் சாய்ந்தவை 400-ஐ ஒட்டியே வந்தன.

அப்புறம், அந்த முதல் நடை பூஜ்யத்திலிருந்து விலகி 180-இல் முடிந்தது பற்றி. திட்ட விலக்கம் (முடிவு பூஜ்யத்திலிருந்து வழக்கமாக விலகும் அளவு) அடிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலம், அதாவது 100. ஏதோ ஒரு பக்கம் 180 அளவோ அதற்கு மேலோ விலகுவது நூற்றில் ஏழு முறை நடக்கும்.