மைக்கில் உதடு பட்டால் ஷொக் அடிக்கிறது, விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ

வணக்கம் அண்ணாமார். யாழ்ப்பாணத்தில் இணுவில் பக்கம் சின்னதாக ஒரு சவுண்ட் செற் வைத்து ஓட்டுகிறேன். போன கிழமை ஒரு கோயில் திருவிழாவில், கிற்றாரோடு பாட வந்த தம்பியின் உதடு மைக்கில் பட்டதும் சுரீரென்று அடித்தது. நல்ல காலம், ஆளுக்கு ஒன்றுமில்லை.

மிக்ஸருக்குக் கோயில் கரண்ட், கிற்றார் அம்புக்கு (அம்ப்ளிஃபயருக்கு) ஜெனரேற்றர். மைக் வலைக்கும் கிற்றார் கம்பிக்கும் இடையில் மீற்றரை வைத்தேன்: 110 வோல்ட்! அம்பின் பிளக்கைக் கழற்றினால் ஏர்த் வயரே இல்லை. இரைச்சலை நிறுத்த முந்தி யாரோ வெட்டியிருக்கிறார்கள். (அந்த யாரோ நானாகவும் இருக்கலாம்.) இப்போது வயரைத் திரும்பப் போட்டாயிற்று. இரைச்சலும் திரும்பி வந்துவிட்டது. சரி, அதற்கு டிஐ பொக்ஸில் (கிற்றார் சிக்னலை மிக்ஸருக்குக் கொடுக்கும் சின்னப் பெட்டி) கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் போடலாம். அது சிக்னல் வயரின் கிரவுண்டை மட்டும்தான் பிரிக்கும், கரண்டின் ஏர்த்தைத் தொடாது. இனி எல்லாவற்றுக்கும் ஒரே இடத்துக் கரண்ட்தான்.

எனக்குக் குழப்பம் ஜெனரேற்றர் தனியாக ஓடும்போதுதான். நியூட்ரலை ஏர்த்தோடு இணைக்காவிட்டால், கசியும் கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் விழாமலே இருக்கலாம் என்கிறார்கள். அந்த இணைப்பை எங்கே கொடுப்பது, ஜெனரேற்றரிலா, கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் போர்ட்டிலா? ஏர்த் கம்பி அடிக்கவும் வழி சொல்லுங்கோ. எங்கட நிலத்தில் இரண்டடி போனாலே சுண்ணாம்புக்கல், கம்பி வளைகிறதே தவிர இறங்குவதில்லை.

ஜெனரேற்றர் வேலை தெரிந்த, லைசென்ஸ் உள்ள எலெக்ற்ரீசியன் யாராவது பக்கத்தில் இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கோ. வாற வெள்ளி அடுத்த திருவிழா.