ரிஸ்க்-ஃபைவ் போர்டில் மழைக்கணக்கு நிரல் ஓடுகிறது, ஆனால் கூட்டுத்தொகை தப்பாக வருகிறது

சாரல்_செங்கோட்டை (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். கோட்டைவாசலுக்கு மேற்கே ஆரியங்காவு, தென்மலை. கிழக்கே செங்கோட்டை, தென்காசி. இரண்டு பக்கத்து மழைமானிகளின் மணிவாரிப் பதிவுகளைச் சேர்த்து, இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையையும் ஐப்பசி (வடகிழக்குப் பருவ) மழையையும் தனித்தனியாகக் கணக்கிடும் திறமூல நிரல் ஒன்றை விஷன்ஃபைவ் 2 என்ற ரிஸ்க்-ஃபைவ் (திறந்த சிப் கட்டளைத் தொகுதி) போர்டுக்குக் கொண்டுபோகும் வேலை. போர்டில் நான்கு யு74 கோர், 8 ஜிபி நினைவகம், டெபியன் 13. கோப்பைப் படிக்கும் பகுதி சி-யில், கணக்கு ஃபோர்ட்ரானில், மேலே நம்பை (பைத்தானின் எண்கணக்குத் தொகுப்பு). இதுவரை எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகைச் சிப்) லேப்டாப்பில் மட்டும் ஓடிவந்த நிரல்.

கம்பைல் ஆகிவிட்டது. கான்ஃபிகர் முதலில் "எந்த வகைக் கணினி என்று கண்டுபிடிக்க முடியவில்லை" என்று நின்றது, கான்ஃபிக்.கெஸ், கான்ஃபிக்.சப் இரண்டையும் புதிதாக மாற்றியதும் சரியானது. எஸ்எஸ்இ2 (ஒரே நேரத்தில் பல எண்களைக் கணக்கிடும் எக்ஸ்86 வெக்டார் கட்டளைகள்) ஹெட்டர் இல்லை என்றது. அந்தப் பகுதியைக் கமென்ட் ஆக்கியாயிற்று. இப்போது மிச்சம் மூன்று:

1. ஜூலை மாத மாதிரிக் கோப்பில் லேப்டாப் 612 மி.மீ. காட்டுகிறது, போர்டு 1,887.
2. பதிவே இல்லாத ஒரு மானிக்குச் சராசரி கேட்டால் லேப்டாப்பில் நிரல் விழுந்துவிடுகிறது. போர்டில் விழாமல் −1 என்று அச்சிடுகிறது.
3. 214 டெஸ்ட்களில் 9 தோல்வி. பெரும்பாலானவற்றில் வித்தியாசம் 13ஆம் இலக்கத்துக்கு அப்பால்தான்.

டெஸ்ட்களின் சகிப்பு எல்லையைக் கூட்டி, பேட்ச் அனுப்பிவிடலாமா?

களியக்காவிளை_கம்பைலர்

தம்பி, எல்லையில் இப்போது கை வைக்காதீங்க. மூன்றுக்கும் காரணம் வேறுவேறு. முதல் இரண்டும் நிரலின் பிழை, மூன்றாவது மட்டும்தான் கணக்கு முறையின் இயல்பு. எல்லையைத் தளர்த்தினால் இரண்டும் ஒரே மூட்டைக்குள் போய்விடும்.

1,887-இலிருந்து 612-ஐக் கழித்தால் 1,275. அது ஐந்து முறை 255. அந்தக் கோப்பில் விடுபட்ட மணிநேரம் ஐந்து இருக்கும், பார்த்துக்கொள்ளுங்க. மணிக்கு ஒரு பைட்டாக, சி-யின் கேர் வகையில் வைத்து, விடுபட்டதற்கு −1 எழுதி, "பூஜ்யத்துக்குக் கீழே என்றால் விட்டுவிடு" என்று சோதித்திருப்பார்கள். எக்ஸ்86 லினக்ஸில் வெறும் கேர் குறியுள்ளது (எதிர்மறை எண்ணும் ஏற்கும்). ரிஸ்க்-ஃபைவில் குறியற்றது, ஆர்ம் (மொபைல் வகைச் சிப்) லினக்ஸிலும் அப்படித்தான். −1 அங்கே 255 ஆகிவிடும்; சோதனை ஒருபோதும் பலிக்காது; மானி பழுதான ஒவ்வொரு மணிக்கும் 255 மி.மீ. மழை கூடும்.

உறுதிப்படுத்த, போர்டில் எஃப்-சைன்டு-கேர் என்ற கம்பைலர் கொடியோடு ஒருமுறை கம்பைல் பண்ணுங்க. 612 வந்தால் இதுதான் காரணம். ஆனால் அந்தக் கொடியையே தீர்வாக மேக்ஃபைலில் விட்டுவிடக் கூடாது, வேறொருவர் வேறு முறையில் கட்டும்போது தவறு திரும்ப வரும். வகையை இன்ட்8_டி (எங்கும் குறியுள்ள 8 பிட் எண்) என்று மாற்றுவதுதான் சரி. அதே கையோடு கெட்சி (கோப்பில் ஓர் எழுத்தைப் படிக்கும் சார்பு) தரும் மதிப்பைக் கேர் மாறியில் வாங்கி ஈஓஎஃப் என்ற கோப்பு முடிவுக் குறியுடன் ஒப்பிடும் வரிகளையும் தேடுங்க. குறியற்ற கேரில் அந்தச் சுழற்சி முடியவே முடியாது.

இதை வேட்டையாடப் போர்டுகூட வேண்டாம். லேப்டாப்பிலேயே எஃப்-அன்சைன்டு-கேர் போட்டு எல்லா டெஸ்டையும் ஓட்டினால் இந்த வகைப் பிழைகள் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். டபிள்யூ-டைப்-லிமிட்ஸ் எச்சரிக்கையையும் சேர்த்துக்கொண்டால் "இந்த ஒப்பீடு எப்போதும் பொய்" என்று வரியைக் காட்டித் தரும்.

இரண்டாவது, முழு எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தது. எக்ஸ்86 சிப் பிழை எழுப்பி நிரலை நிறுத்தும். ரிஸ்க்-ஃபைவில் அந்தக் கட்டளை நிற்காது, எல்லா பிட்டையும் 1 ஆக்கித் தரும், அதாவது −1. ஆர்மில் 0. உங்கள் நிரலில் −1 என்றால் "பதிவு இல்லை" என்று பொருள் இருப்பதால் விடை சரிபோலத் தெரியும், அதுதான் ஆபத்து. வகுக்கும் முன் எண்ணிக்கையைச் சோதியுங்க.

இன்னொன்றும் பாருங்க: நேன் (எண் அல்ல என்ற) மதிப்பை 32 பிட் முழு எண்ணாக மாற்றும் இடங்கள். எக்ஸ்86-இல் −2147483648 கிடைக்கும், எதிர்மறைச் சோதனை அதைத் தற்செயலாகப் பிடித்துவிடும். ரிஸ்க்-ஃபைவில் 2147483647 கிடைக்கும், அது மழையாகப் பதிவாகிவிடும். மாற்றுவதற்கு முன்னாலேயே இஸ்நேன் சோதனை வேண்டும். ஃபாஸ்ட்-மேத் கொடி இருந்தால் எடுத்துவிடுங்க, அது இருக்கும்போது கம்பைலர் இஸ்நேனையே நீக்கிவிடலாம். லேப்டாப்பில் சானிடைசரை (ஓடும்போதே பிழை பிடிக்கும் கம்பைலர் வசதி) ஃப்ளோட்-காஸ்ட்-ஓவர்ஃப்ளோ என்று பெயர் சொல்லிப் போடுங்க, அன்டிஃபைன்டு என்று மொத்தமாகப் போட்டால் இந்தச் சோதனை அதில் சேராது.

பாலக்காட்டுக்_காற்று

மூன்றாவதற்கு வருகிறேன். அடிப்படை எக்ஸ்86-64 தொகுதியில் எஃப்எம்ஏ (பெருக்கலையும் கூட்டலையும் ஒரே படியில் செய்யும்) கட்டளை கிடையாது, ரிஸ்க்-ஃபைவின் மிதவைப்புள்ளித் தொகுதியில் தொடக்கம் முதலே உண்டு. பெருக்கிக் கூட்டும் வரியை ஜிசிசி கம்பைலர் தானாகவே ஒரே கட்டளையாக்கும். இரண்டு முறை நடந்த முழுமையாக்கல் ஒருமுறையாகும், கடைசி இலக்கங்கள் மாறும். பெரும்பாலும் புது விடையே துல்லியமானது.

சோதிக்கும் வழி: போர்டில் எஃப்பி-கான்ட்ராக்ட்=ஆஃப் (அந்த இணைப்பை நிறுத்தும் கொடி) கொடுத்துப் பாருங்கள். பிறகு லேப்டாப்பில் எம்-எஃப்எம்ஏ கொடுத்துப் பாருங்கள் (2013-இன் ஹாஸ்வெல் முதல் வந்த பெரும்பாலான இன்டெல் சிப்களில் ஓடும்). அங்கேயும் அதே டெஸ்ட்கள் விழுந்தால் புது வன்பொருளுக்கு இதில் சம்பந்தமே இல்லை, டெஸ்ட் எழுதிய விதம்தான் காரணம்.

எல்லையைக் கண்ணால் பார்த்து வைக்க வேண்டாம். ஆண்டுக்கு 8,760 மணிப் பதிவு. இரட்டைத் துல்லியத்தின் அலகு 2.2 × 10⁻¹⁶. வரிசையாகக் கூட்டினால் ஒப்பீட்டுப் பிழை மோசமானால் இந்த இரண்டு எண்களின் பெருக்கம், சுமார் 2 × 10⁻¹². ஆகவே ஆண்டுக் கூட்டுத்தொகைக்கு 10⁻¹¹ நியாயமானது. அதற்கு மேல் விலகும் டெஸ்டைத் தனியாக விசாரியுங்கள். வழக்கமான குற்றவாளி, வர்க்கச் சராசரியிலிருந்து சராசரியின் வர்க்கத்தைக் கழிக்கும் வரி. அங்கே எஃப்எம்ஏ நுழைந்தால் பூஜ்யம் வரவேண்டிய இடத்தில் சின்ன எதிர்மறை எண் வரலாம், வர்க்கமூலம் நேன் ஆகும். இதற்கு எல்லையைத் தளர்த்திப் பலனில்லை, சூத்திரத்தையே இரண்டு சுற்றாக எழுத வேண்டும்: முதலில் சராசரி, பிறகு விலகல்களின் வர்க்கம்.

லாங் டபிளில் (டபிளைவிட நீண்ட மிதவைப்புள்ளி வகை) இடைநிலைக் கோப்பு எதுவும் எழுதுகிறீர்களா?

சாரல்_செங்கோட்டை

ரொம்ப நன்றி அண்ணாச்சி, விடுபட்ட மணி சரியாக ஐந்துதான். இன்ட்8_டி மாற்றியதும் 612. கான்ட்ராக்ட்=ஆஃப் போட்டதில் 9 தோல்வி 2 ஆகக் குறைந்தது. அந்த இரண்டும் இடைநிலைக் கோப்பைப் படிப்பவை, அதில் லாங் டபிள்தான் இருக்கிறது. கோப்பின் அளவு இரண்டு கணினியிலும் ஒன்றேதான். பின் ஏன் குப்பையாக வருகிறது?

பாலக்காட்டுக்_காற்று

அளவு இரண்டிலும் 16 பைட்தான். உள்ளே இருப்பது வேறு. எக்ஸ்86-இல் 80 பிட் எண்ணும் வெற்று நிரப்பலும். ரிஸ்க்-ஃபைவில் முழு 128 பிட் எண், அதுவும் மென்பொருளால் கணக்கிடப்படுவதால் மெதுவானது. கோப்பில் சாதாரண டபிளாக எழுதுங்கள், இரண்டு டெஸ்டும் தேறும்.

ஃபோர்ட்ரான் பக்கத்தில் எஃப்பிஈ-ட்ராப் கொடியை நம்பியிருந்தால் அதுவும் இங்கே வேலை செய்யாது. ரிஸ்க்-ஃபைவில் மிதவைப்புள்ளிப் பிழை நிரலை நிறுத்தாது, சிப்பின் நிலைக் கொடியை மட்டும் ஏற்றிவைக்கும். கணக்கு முடிந்ததும் ஐஈஈஈ_கெட்_ஃப்ளாக் கொண்டு பாருங்கள்.

குமுளி_சிஐ

எஸ்எஸ்இ2 பகுதியைக் கமென்ட் ஆக்கியதை அப்படியே அனுப்பாதீங்க, லேப்டாப் பயனர்களின் வேகம் போய்விடும். எஸ்எஸ்இ2 இருந்தால் அது, இல்லையென்றால் சாதாரண சி என்று நிபந்தனை வையுங்க. வெக்டார் கட்டளைகளைக் கையால் எழுதும் ஆசை இப்போதைக்கு வேண்டாம். யு74-இல் வெக்டார் நீட்சியே இல்லை. அதைச் சேர்த்துக் கம்பைல் பண்ணினால் சட்டவிரோதக் கட்டளை என்று விழும். சி910 கோர் உள்ள போர்டுகளில் இருப்பது பழைய 0.7.1 வெக்டார் பதிப்பு, 2021-இல் உறுதியான 1.0-உடன் ஒத்துப்போகாது. ஆர்டிடிஎஸ்சி (எக்ஸ்86-இன் கடிகாரக் கட்டளை) வைத்து நேரம் அளக்கும் வரி இருந்தால் கிளாக்_கெட்டைம் ஆக மாற்றிவிடுங்க.

நம்பை, சைபை இரண்டையும் டெபியன் தொகுப்பிலிருந்தே எடுங்க. பிப் (பைத்தானின் நிறுவி) வழியாகப் போனால், ஆயத்த வீல் (கட்டிமுடித்த தொகுப்பு) கிடைக்காதபோது மூலத்திலிருந்து கட்ட ஆரம்பிக்கும், நான்கு வேலை ஒன்றாக ஓடினால் நினைவகம் தீர்ந்து பாதியில் செத்துவிடும். அப்படிக் கட்டித்தான் ஆகவேண்டுமென்றால் இரண்டு வேலைக்கு மேல் வேண்டாம்.

சிஐ-யில் (தானியங்கிச் சோதனையில்) கியூஎமு (வேறு சிப்பைப் போல நடிக்கும் மென்பொருள்) யூசர் முறை போதும், வெக்டார் நீளத்தை 128, 256 என்று மாற்றியும் ஓட்டலாம். ஆனால் த்ரெட் வரிசைப் பிழைகளை அது காட்டாது. எக்ஸ்86 கணினியின் நினைவக ஒழுங்கு கண்டிப்பானது, ரிஸ்க்-ஃபைவின் ஒழுங்கு தளர்வானது. வாலடைல் மாறியைக் கொடியாக வைத்து த்ரெட்கள் பேசிக்கொள்ளும் இடங்களை அட்டாமிக் ஆக்கிவிட்டு, நிஜப் போர்டிலேயே பலமுறை ஓட்டிப் பாருங்க. ஜிசிசி கம்பைல் ஃபார்ம் திறமூல உருவாக்குநர்களுக்கு ரிஸ்க்-ஃபைவ் கணினிகளில் இலவசக் கணக்கு தருகிறது.

பேட்ச்களைத் தனித்தனியாகப் பிரியுங்க. கேர், பூஜ்ய வகுத்தல், நேன் மூன்றும் முதலில் போகட்டும். அவை ஆர்முக்கும் பொருந்தும் என்று விளக்கத்தில் எழுதினால் பராமரிப்பவர் தயங்காமல் சேர்ப்பார். அடுத்து கோப்பு வடிவம், அதற்குப் பதிப்பு எண்ணும் கூட வேண்டும். சகிப்பு எல்லை கடைசியில், 8,760 கணக்கோடு. மலைக்கு மேற்கே திருவனந்தபுரம் சிடாக்கின் வேகா, கிழக்கே சென்னை ஐஐடியின் சக்தி, இரண்டுமே ரிஸ்க்-ஃபைவ்தான். இன்று சரியாகச் சேரும் திருத்தம் அந்தச் சிப்களிலும் அப்படியே ஓடும்.