மாவடு ஜாடியில் வெள்ளை ஆடை: உப்பைக் குறைத்ததுதான் காரணமா?

திருவாரூர் வாசகி கேட்கிறார்:

எங்கள் வீடு திருவாரூரில் ஓடம்போக்கி ஆற்றை ஒட்டிய தெருவில் உள்ளது. என் மாமியார் இருந்தவரை மாசிக் கடைசியில் மாவடுவில் தொடங்கி, கடுகு மாங்காய், வெந்தய மாங்காய் என்று வளர்ந்து, ஆனியில் தொக்குடன் முடியும் ஊறுகாய் வேலையில் நான் எடுபிடியாக மட்டுமே இருந்திருக்கிறேன். அவர் காலமான பிறகு, இந்தப் பங்குனியில்தான் முதல்முறையாக நானே மூன்று கிலோ வடு வாங்கி ஜாடியில் போட்டேன். "படி வடுவுக்கு ஆழாக்கு உப்பு" என்பது அவருடைய கணக்கு. என் கணவருக்கு இரத்தக் கொதிப்பு இருப்பதால் அதில் பாதியாகக் குறைத்தேன். நிறுத்துப் பார்த்தபோது 225 கிராம் பாக்கெட் தூள் உப்பு இருந்தது. விளக்கெண்ணெய் தடவி, நான்காம் நாள் மிளகாயும் கடுகும் மஞ்சளும் அரைத்துச் சேர்த்தேன்.

பன்னிரண்டாம் நாள் திறந்தபோது மேலே வெள்ளையாக ஆடை படிந்திருந்தது. பல வடுக்கள் அழுத்தினால் நசுங்கும் அளவுக்குக் குழைந்துவிட்டன. பழைய கள்ளைப் போன்ற வாடையும் வருகிறது. அடுத்த வீட்டு அம்மாள் இதைக் கைராசி என்கிறார். உண்மையில் தவறு உப்பிலா, வடுவிலா?

மயிலாடுதுறைப் பாட்டி:

கைராசி என்பதெல்லாம் வீண் பேச்சு, அம்மா. அதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். அறுபது ஆண்டுகளாக வடு போடுகிற என் கையிலும் இரண்டு முறை ஜாடி கெட்டிருக்கிறது. இரண்டு முறையும் காற்றில் உதிர்ந்த வடுவை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கியதுதான் காரணம். மரத்திலிருந்து காம்போடு பறித்த வடுவும், தரையில் விழுந்து அடிபட்டதைப் பொறுக்கிய வடுவும் சந்தையில் ஒரே கூடையில்தான் கிடக்கும். அடிபட்ட இடம் அன்றைக்குத் தெரியாது, ஜாடிக்குள் போன பிறகுதான் குழையும். ஆகவே ஒரு விரற்கடைக் காம்பாவது இருக்கிறதா என்று பார்த்து, காம்பு இல்லாதவற்றைத் தனியே எடுத்து அன்றைய குழம்பில் போட்டுவிட வேண்டும்.

இன்னொன்றையும் கேட்கிறேன். மிளகாயையும் கடுகையும் எந்த நீர் விட்டு அரைத்தீர்கள்? மூன்று நாள் காலையும் மாலையும் குலுக்கி வைத்தால் வடு சுருங்கி, உப்பும் புளிப்புமாக நீர் விட்டிருக்கும். அந்த நீரையே வடித்து அதில்தான் அரைக்க வேண்டும். பச்சைத் தண்ணீர் ஒரு கரண்டி சேர்ந்தாலும் ஆகாது. உப்பைக் குறைக்க வேண்டுமென்றால், போடும்போது குறைக்காமல், பரிமாறும்போது வடுவை நீரில் அலசிக் கொடுங்கள்.

தஞ்சை வேதியியல் ஆசிரியர்:

பாட்டி சொன்ன இரண்டு காரணங்களும் சரியானவை. எனினும் முதல் காரணம் உப்பே என்று நினைக்கிறேன்.

ஒரு கிலோ வடுவுக்கு 150 கிராம் உப்புப் போட்டால், உப்பு முழுவதும் ஊறிய பிறகு மொத்த எடையில் அது ஏறத்தாழ 13 விழுக்காடாக இருக்கும். நீங்கள் கிலோவுக்கு 75 கிராம் போட்டிருப்பதால் அது ஏழு விழுக்காட்டில் நின்றுவிட்டது. ஏழு என்பது வெள்ளரிக்காயைப் புளிக்க வைப்பதற்குப் பயன்படும் அளவு. அதாவது நீங்கள் வடுவைப் பதப்படுத்தவில்லை, அறியாமலே நொதிக்க விட்டிருக்கிறீர்கள். கள் வாடைக்கு அதுவே காரணம். மேலே படிந்த ஆடை பெரும்பாலும் ஈஸ்ட் வகையைச் சேர்ந்தது. அது காற்றுப் படும் மேற்பரப்பில் வளர்ந்து, மாங்காயின் புளிப்பையே உணவாகத் தின்று குறைத்துவிடும். புளிப்புக் குறைந்ததும் பூஞ்சைக்கு வழி திறக்கும். பூஞ்சைகள் சுரக்கும் நொதிகள் காயை விறைப்பாக வைத்திருக்கும் பெக்டினைக் கரைப்பதால்தான் வடு குழைகிறது. வடு கெட்டியாக இருந்து மேலே மட்டும் ஆடை இருந்தால் அதை நீக்கிவிட்டு உப்பைக் கூட்டிப் பார்க்கலாம் என்று சொல்லியிருப்பேன். குழைந்து வாடையும் வந்துவிட்ட நிலையில் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு கொட்டிவிடுவதே நல்லது.

பாட்டி மன்னிக்க வேண்டும்: அலசுவதால் மேலிருக்கும் உப்புதான் போகும், உள்ளே ஊறியது போகாது. இரத்தக் கொதிப்பு உள்ளவர் தயிர் சாதத்துக்கு மூன்று வடுவுக்குப் பதில் ஒன்றோடு நிறுத்துவதுதான் வழி. உப்புக் குறைவாகத்தான் வேண்டுமென்றால் கால் கிலோ மட்டும் போட்டு, தொடக்கத்திலிருந்தே குளிர்பதனப் பெட்டியில் வைத்து விரைவில் தீர்த்துவிடுங்கள்.

வேதாரண்யத்துக்காரர்:

உப்பைப் பற்றி எங்கள் ஊர்க்காரன் வாய் திறக்காமல் இருந்தால் தவறாகிவிடும். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து அள்ளியது எங்கள் உப்பைத்தான். அயோடின் சேர்த்த உப்பு ஊறுகாயைக் கெடுக்கும் என்று பலர் சொல்வதில் உண்மையில்லை. தூள் உப்பில் கட்டி தட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொருளால் நீர் சற்றுக் கலங்கலாம், அவ்வளவே. ஆனால் ஆழாக்குக் கணக்குக்கும் எடைக் கணக்குக்கும் இடையே வேறுபாடு உண்டு. கல்லுப்பில் இடைவெளி அதிகம் என்பதால் ஒரே ஆழாக்கில் தூள் உப்பு கூடுதலாகக் கொள்ளும். எனவே எந்த உப்பானாலும் நிறுத்தே போடுங்கள்.

வடு கிடைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் எங்கள் பகுதி மாந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. என் கொல்லையில் நின்ற நான்கு மரங்களில் ஒன்றுதான் மிஞ்சியது. அந்த மரத்து வடுவைத்தான் இப்போதும் உறவினர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறேன். முன்பு கேட்டவர்க்கெல்லாம் கோணிப்பையில் கொடுத்தது இப்போது தூக்குச் சட்டியில் முடிகிறது.

திருவாரூர் வாசகி:

மூவருக்கும் நன்றி. பாட்டி கேட்டதற்குப் பதில்: ஆம், குழாய் நீர் விட்டுத்தான் அரைத்தேன். மீதி வடுவைப் பார்த்ததில் பாதிக்கு மேல் காம்பே இல்லை. ஜாடியைக் கொல்லையில் கொட்டிவிட்டேன். பரணிலிருந்து எடுத்த மாமியாரின் ஜாடி என்பதால் கழுவும்போதுதான் வருத்தமாக இருந்தது. இந்த ஆண்டு இனி வடுவுக்கு வழியுண்டா?

மயிலாடுதுறைப் பாட்டி:

இனி வருவது கொட்டை முற்றியதாகத்தான் இருக்கும், வேண்டாம். ஜாடியை நான்கு நாள் நல்ல வெயிலில் கவிழ்த்து வையுங்கள். கத்திரி வெயில் தொடங்கியதும் நார் உள்ள புளிப்பு மாங்காயாக இரண்டு கிலோ வாங்கி, ஈரம் போகத் துடைத்து, ஓட்டோடு நறுக்கிக் கடுகு மாங்காய் போடுங்கள். நல்லெண்ணெய் துண்டுகளுக்கு மேல் ஒரு விரல் உயரம் நிற்க வேண்டும். உப்பை ஆசிரியர் சொன்னபடி நிறுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தராசு பழக்கமில்லை.