மன்னிப்புக் கேட்காத ஒருவரோடு தவக்கால அறப்பணியில் எப்படிச் சேர்ந்து உழைப்பது?

கேள்வி: மெழுகுதிரி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பங்கின் (ஆலயச் சமூகத்தின்) அறப்பணிக் குழுவில் ஏழு ஆண்டுகளாக இருக்கிறேன். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு (ஈஸ்டருக்கு) முன் வரும் நோன்புக் காலமான தவக்காலத்தின் ஞாயிறுகளில் திரட்டப்படும் காணிக்கையையும் பொருள்களையும் தேவையுள்ள குடும்பங்களுக்குக் கொண்டு சேர்ப்பது எங்கள் பணி. சென்ற ஆண்டுத் தவக்காலத்தின் நடுவில், குழுவின் மற்றோர் உறுப்பினர் பங்குப் பொதுக்கூட்டத்தில் எழுந்து, எனக்கு வேண்டியவர்களுக்கே நான் உதவியைத் திருப்பிவிடுவதாகக் குற்றம்சாட்டினார். அது உண்மையன்று. அங்கேயே அதை மறுப்பதற்காக, உதவி பெற்ற குடும்பங்களின் பட்டியலை எல்லார் முன்னிலையிலும் பெயர் பெயராக வாசித்துக் காட்டினேன். பின்னர்ப் பங்குத்தந்தை கணக்குகளைப் பார்வையிட்டு, தவறேதும் இல்லை என்று அறிவித்தார். குற்றம்சாட்டியவர் மட்டும் இன்றுவரை ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

இந்த ஆண்டும் இருவரும் அதே குழுவில் இருக்கிறோம். தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றுதான் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டேன். நோன்பிருக்கிறேன், இயேசுவின் பாடுகளை நினைவுகூரும் சிலுவைப்பாதைக்கு வெள்ளிதோறும் செல்கிறேன். ஆனால் ஆண்டவர் கற்பித்த செபத்தில் "எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல" என்ற வரி வரும்போது என் வாய் தானாக மூடிக்கொள்கிறது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய், முதலில் நல்லுறவு ஏற்படுத்திக்கொள்ளச் சொல்லும் நற்செய்தி தவக்காலத்தின் முதல் வார வெள்ளியன்று வாசிக்கப்பட்டபோது, எழுந்து வெளியே போய்விடலாமா என்று தோன்றியது. மன்னிப்புக் கேட்காதவரை மன்னிப்பது எப்படி? அப்படி மன்னித்தால் அவர் செய்தது சரி என்று ஆகிவிடாதா? உயிர்ப்புப் பெருவிழா வரை குழுவிலிருந்து விலகியிருப்பது நேர்மையாக இருக்குமா? உங்கள் அனுபவத்திலிருந்து சொல்லுங்கள்.

பதில் 1: பழைய வேதியர்

அன்புச் சகோதரி, அந்த வரியைச் சொல்ல முடியாமல் வாய் மூடிக்கொள்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பொருள் உணராமல் அதை நாள்தோறும் ஒப்பித்துக் கடந்துபோகிறவர்களைவிட நீங்கள் அந்த மன்றாட்டுக்கு நெருக்கமாக நிற்கிறீர்கள் என்றே நான் கருதுகிறேன். காயம் இன்னும் வலிக்கிறது என்பதாலேயே நீங்கள் மன்னிக்கவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். பட்ட அவமதிப்பை உணராதிருப்பதோ அதை மறந்துவிடுவதோ நம் ஆற்றலுக்கு உட்பட்டதன்று என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, 2843-ஆம் பத்தியில், வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது. தூய ஆவியாரிடம் தன்னை ஒப்படைக்கும் உள்ளம் அந்தக் காயத்தை இரக்கமாகவும், அந்த நினைவை மற்றவருக்கான பரிந்துரை மன்றாட்டாகவும் மாற்றிக்கொள்கிறது என்பதே அங்குள்ள போதனை. ஆகவே உங்களால் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு: அவர் பெயரைச் சொல்லி நாளுக்கு ஒருமுறை செபியுங்கள். "அவரை மாற்றும் ஆண்டவரே" என்று வேண்டாமல், அவருடைய உடல்நலத்துக்காகவும் அவர் வீட்டாருக்காகவும் வேண்டுங்கள். முதல் பத்து நாள்கள் சொற்கள் தொண்டையில் சிக்கும். அதனால் நிறுத்திவிட வேண்டாம்.

அந்த மன்றாட்டில் நம் முன்னோர் பயன்படுத்திய சொல்லைக் கவனியுங்கள். "பொறுத்தருளும்" என்று வேண்டுகிறோம். தமிழில் பொறுத்தல் என்பது சுமத்தலும் ஆகும், மன்னித்தலும் ஆகும். மற்றவர் என்மேல் ஏற்றிய சுமையை அவர் தலையில் திருப்பி எறியாமல் சுமந்துகொள்வது என்ற பொருளை அந்தச் சொல் தன்னுள் வைத்திருக்கிறது. சுமப்பவருக்குச் சுமை இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. அது போலவே, பொறுத்துக்கொண்டதாலேயே அவர் செய்தது சரியென்று ஆகிவிடாது. தவறு என்று ஒன்று இருந்தால்தான் மன்னிப்புக்கே இடம் உண்டு.

மன்னிப்பும் நல்லுறவும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மன்னிக்க ஒருவர் போதும், நல்லுறவு ஏற்பட இருவர் வேண்டும். சிலுவையில் ஆண்டவர் "தந்தையே, இவர்களை மன்னியும்" என்று வேண்டியபோது, கீழே நின்றவர்களுள் எவரும் மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை. புனித அகுஸ்தினார் தம் தவக்கால மறையுரைகளில், கொடுப்பதும் மன்னிப்பதும் அறச்செயலின் இரண்டு வகைகள் என்று போதித்தார், "மன்னியுங்கள், மன்னிப்புப் பெறுவீர்கள்" என்பதும் "கொடுங்கள், உங்களுக்குக் கொடுக்கப்படும்" என்பதும் லூக்கா 6-ஆம் அதிகாரத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. கொடுப்பதற்கு என்னிடம் பொருள் இல்லை என்று சொல்லும் ஏழைகூட இரண்டாவது வகையைச் செய்யலாம். குழுவிலிருந்து விலக வேண்டாம் என்பதே என் கருத்து. மத்தேயு 18-இல் சொல்லியுள்ளபடி, அவர் தனியாக இருக்கும்போது ஒருமுறை போய்ப் பேசிப்பாருங்கள்.

பதில் 2: பொருளாளர்

வேதியர் ஐயா சொன்னதை மதிக்கிறேன். ஒரே இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். குற்றச்சாட்டு பலர் முன்னிலையில் வந்ததால், தனியாகப் பேசுவது மட்டும் போதாது என்று நினைக்கிறேன். இது உங்கள் இருவருக்கு இடையிலான மனத்தாங்கல் மட்டுமன்று, குழுவின் நடைமுறையில் இருந்த ஓட்டையும் இதற்குக் காரணம். அந்த ஓட்டையை அடைக்காமல் இருவரும் கைகுலுக்கிக்கொண்டால், அடுத்த ஆண்டு வேறு இருவர் அதே இடத்தில் நிற்பார்கள்.

தொடக்கத் திருச்சபையிலேயே இது நடந்திருக்கிறது. அன்றாடப் பந்தியில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசுவோர் முணுமுணுத்ததைத் திருத்தூதர் பணிகள் 6-ஆம் அதிகாரம் மறைக்காமல் பதிவு செய்கிறது. திருத்தூதர்கள் அவர்களிடம் "மன்னித்து மறந்துவிடுங்கள்" என்று சொல்லவில்லை. நற்சான்று பெற்ற ஏழு பேரைத் தெரிந்தெடுக்கும்படி சீடர்களிடம் சொல்லி, அவர்களிடம் அந்தப் பணியை ஒப்படைத்தார்கள். புனித பவுலும் எருசலேம் மக்களுக்காகத் திரட்டிய பெருந்தொகையைத் தனியாகக் கையாளவில்லை. தம்மை எவரும் குறைகூறாதவாறு, சபைகள் தெரிந்தெடுத்த ஒருவரையும் உடன் வைத்துக்கொண்டதை 2 கொரிந்தியர் 8-இல் எழுதுகிறார்.

எனவே கணக்குக் கேட்பது பாவமன்று, கேட்ட விதமே தவறு. எங்கள் குழுவில், பெறப்பட்ட தொகையும் செலவும் உதவி பெற்ற குடும்பங்களின் எண்ணிக்கையும் மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் வைக்கப்படும். குடும்பங்களின் பெயர்கள் பங்குத்தந்தைக்கும், அந்த வீட்டுக்குச் செல்லும் இருவருக்கும் மட்டுமே தெரியும். இருவர் இருவராகச் சென்று வீட்டிலேயே சந்திப்பது, 1833-இல் பாரிஸில் பிரெடெரிக் ஓசானாமும் அவருடைய தோழர்களும் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கிய காலத்திலிருந்து வரும் வழக்கம். தனியாகச் சென்றால் பணிக்குச் சாட்சி இருக்காது, கூட்டமாகச் சென்றால் அந்த வீட்டின் மானம் போய்விடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள்மேல் சுமத்தப்பட்ட பழியை நீங்கள் மன்னிக்கலாம், அது உங்களுக்குரியது. ஏழைகளுக்குப் போக வேண்டியது எங்காவது வழிதவறியிருந்தால், அதை மன்னிக்கும் உரிமை உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. நற்செய்தியில் வரும் வரிதண்டுபவரான சக்கேயு தம் உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னதோடு நிறுத்தவில்லை. ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் தனியே சொன்னார்.

பதில் 3: வாசற்படி

நான் எந்தக் குழுவிலும் இல்லை. சிறு வயதில் என் தாயும் நாங்களும் பங்கின் உதவியால் சில ஆண்டுகள் வாழ்ந்தோம். அதனால் இந்த உரையாடலை வேறொரு பக்கத்திலிருந்து வாசித்தேன்.

சகோதரி, உங்கள் கேள்வியில் ஒரு வரியை நீங்கள் வேகமாகக் கடந்துவிட்டீர்கள். உதவி பெற்றவர்களின் பட்டியலை எல்லார் முன்னிலையிலும் பெயர் பெயராக வாசித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கூட்டத்தில் அந்தக் குடும்பத்தினர் எவராவது இருந்தார்களா? இருந்திருந்தால், தங்கள் பெயர் வரும்வரை அவர்கள் எப்படிக் காத்திருந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். எங்களுக்கு உதவி கொண்டுவந்தவர் ஒருநாள் ஆலய வாசலில் பலர் கேட்கும்படி என் தாயிடம், "இந்த மாதம் போதுமானதாக இருந்ததா?" என்று விசாரித்தார். அன்போடுதான் கேட்டார். அதற்குப் பின் நெடுநாள், என் தாய் திருப்பலி முடியுமுன்பே எங்களைப் பக்கவாட்டுக் கதவு வழியாக அழைத்துச் சென்றுவிடுவார். நான் அதை ஒரு பக்திமுயற்சி என்று அந்த வயதில் எண்ணிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் மேற்கோள் காட்டிய நற்செய்தியை மீண்டும் வாசித்துப் பாருங்கள். உங்களுக்கு யார்மேல் மனத்தாங்கல் உண்டு என்று அங்கே ஆண்டவர் கேட்கவில்லை. உங்கள்மேல் மனத்தாங்கல் உள்ளவர் எவர் என்று நினைவுற்றால் என்றே சொல்கிறார். ஓராண்டாக நீங்கள் அந்த ஒருவரையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் போக வேண்டிய வீடுகள் வேறாக இருக்கலாம். குற்றப்படுத்துவதற்காக இதை எழுதவில்லை. அன்று உங்கள் நிலையில் நான் இருந்திருந்தால், கையில் இருந்த தாளை நானும் வாசித்திருப்பேன்.

பதில் 4: மறுகரை

நீண்ட நாள் தயங்கியபின் இதை எழுதுகிறேன். வேறொரு பங்கில், வேறொரு காரியத்தில், பொய்யான குற்றச்சாட்டை எழுப்பியவன் நான். அது பொய் என்று தெரிந்து செய்யவில்லை. ஒருவர் சொன்னதைக் கேட்டு, விசாரிக்காமல் கூட்டத்தில் எழுந்துவிட்டேன். தவறு என்று தெரிந்த வாரமே மன்னிப்புக் கேட்டிருந்தால் எளிதாக முடிந்திருக்கும். ஒரு மாதம் கழிந்தபின் அது பெரிய மலையாகிவிட்டது. அவரைப் பார்க்கும்போதெல்லாம் வெட்கம் வந்தது. அந்த வெட்கத்தை மறைக்க, அவரிடம் வேறு குறை ஏதாவது கண்டுபிடித்துக்கொண்டேன். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஆணவமாகத்தான் தெரிந்திருக்கும்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2014-இல் தொடங்கிவைத்த "ஆண்டவருக்காக 24 மணி நேரம்" என்ற தவக்கால வழிபாட்டுக்கு ஓர் ஆண்டு சென்றிருந்தபோது, ஒப்புரவு அருள்சாதனத்தில் இதை அறிக்கையிட்டேன். பாவமன்னிப்பு வழங்கிய அருள்பணியாளர், கூடவே ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்: பாவம் நீங்கினாலும், அது விளைவித்த கேட்டைச் சரிசெய்யும் கடமை நீங்கவில்லை, பலர் முன் கெடுத்த பெயரைப் பலர் முன்தான் மீட்டுத்தர வேண்டும். கெடுத்த பெயரை மீட்டுத்தர வேண்டும் என்று மறைக்கல்வியின் 1459-ஆம் பத்தியும் கற்பிக்கிறது. எவருடைய பெயரைக் கெடுத்தேனோ, அவரே ஒருநாள் என்னிடம் வந்து சாதாரணமாக ஒரு வேலை குறித்துப் பேசினார். பழையதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஐந்து நிமிடப் பேச்சு இல்லாதிருந்தால், அடுத்த கூட்டத்தில் எழுந்து நிற்கும் துணிவு எனக்கு வந்திருக்காது. உங்கள் பங்கில் உள்ளவர் என்னைப் போன்றவர்தாமா என்று எனக்குத் தெரியாது. அப்படி இருக்கவும் கூடும்.

மெழுகுதிரி (மூன்று வாரங்களுக்குப் பின்)

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. வாசற்படி அவர்கள் எழுதியதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முதலில் கோபம் வந்தது. விடிவதற்குள் அந்தக் கூட்டத்தில் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்த ஓர் அம்மாவின் முகம் நினைவுக்கு வந்துவிட்டது. அவர் பெயரை நான் வாசித்தபோது அவர் தலை குனிந்ததைப் பார்த்தேன்; பார்த்துவிட்டு அடுத்த பெயரை வாசித்தேன்.

பட்டியலில் இருந்த பதினொரு வீடுகளுள் இதுவரை நான்குக்குச் சென்றிருக்கிறேன். கையில் எதுவும் கொண்டுபோகவில்லை. கொண்டுபோனால் மன்னிப்புக் கேட்பதும் உதவி கொடுப்பதும் கலந்துவிடும் என்று அஞ்சினேன். இரண்டு வீடுகளில் "அதையெல்லாம் அப்போதே விட்டுவிட்டோம்" என்றார்கள். ஒரு வீட்டில் அமரவைத்து, தங்கள் துன்பங்களை நெடுநேரம் பேசினார்கள். மூன்றாம் வரிசையில் இருந்த அம்மா நான் சொன்னதை முழுவதும் கேட்டார். "சரி" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் என்னை மன்னிக்க வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையில்லை என்பதைப் படியிறங்கும்போது உணர்ந்தேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருப்பவரின் நிலை இப்போதுதான் எனக்குத் தெரியும்.

பொருளாளர் சொன்ன நடைமுறையைப் பங்குப் பேரவை ஏற்றுக்கொண்டது. அதை முன்மொழிந்த கூட்டத்தில், பெயர்களை வாசித்தது என் தவறு என்று சொன்னேன். கூட்டம் முடிந்தபின், நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த, என்மேல் குற்றம்சாட்டிய அவரிடம் போய், நான் சென்றுவந்த வீடுகளைப் பற்றிப் பேசினேன். குற்றச்சாட்டைப் பற்றி நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, மீதமுள்ள ஏழு வீடுகளுக்குத் தாமும் உடன் வரலாமா என்று கேட்டார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அந்த வீட்டாரிடம் முதலில் கேட்க வேண்டும்.