வாடகைக் காருக்கு எந்த கிரெடிட் கார்ட் நல்லது? அவசரம்

தலவாக்கலை தம்பி:
அண்ணாமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். நான் இலங்கையில இருந்து வெளிநாடு வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. அம்மாவும் அப்பாவும் சனிக்கிழமை வந்து இறங்குறாங்க. கார் புக் பண்ணி காசும் கட்டிட்டேன். இன்னைக்கு போன் பண்ணிக் கேட்டா டெபிட் கார்ட் எடுக்க மாட்டோம், கிரெடிட் கார்ட்தான் வேணும்னு சொல்றாங்க. எந்தக் கார்டுக்குப் போடலாம்? வெளிநாட்டுச் செலவுக்கும் உதவணும்.

கொத்மலை, டொரொண்டோ:
தம்பி, இங்க அனேக கார்டுல வெளிநாட்டுச் செலவுக்கு 2.5% பிடிப்பாங்க. ஸ்கோஷியாபேங்க் வங்கியோட 'பாஸ்போர்ட் விசா இன்ஃபினிட்'ங்கிற கார்டுல அது இல்ல, வாடகைக் கார் காப்புறுதியும் இருக்கு. ஆனா வருமானம் 60,000 டொலர் கேப்பாங்க. காப்புறுதி செல்லணும்னா முழு வாடகையையும் அந்தக் கார்டுலயே கட்டி, கவுன்டர்ல தர்ற சேதக் காப்புறுதிய வேணாம்னு கையெழுத்துப் போடுங்க. அதையும் வாங்கிட்டா கார்ட் காப்புறுதி செல்லாது.

பண்டாரவளை அக்கா, பர்மிங்ஹாம்:
ஐயோ, அப்படிக் கையெழுத்துப் போட்றாதீங்க! பிரிட்டன்ல அனேக கார்டுல வாடகைக் கார் காப்புறுதியே கிடையாது. கார் கொம்பனி தர்ற காப்புறுதிலயும் முதல் 1,000 பவுண், அதுக்கு மேலயும்கூட நம்ம தலையிலதான் விழும். அதை மூடுற தனிக் காப்புறுதிய முன்னாடியே ஆன்லைன்ல வாங்குங்க, கவுன்டர் விலையைவிட ரொம்பக் குறைவு. இங்க கிரெடிட் கார்டோட பலம் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தோட 75ஆம் பிரிவு. 100 பவுணுக்கு மேல 30,000 வரைக்கும் வாங்கினதுல கடைக்காரன் ஏமாத்தினா கார்ட் கொம்பனியும் பொறுப்பு. இடைத்தரகர் வழியா புக் பண்ணினா அந்தப் பாதுகாப்பு அறுந்து போகலாம்.

அப்புத்தளை:
கார்ட் தந்தாத்தானே இதெல்லாம். கடன் வரலாறு இல்லன்னு கார்ட் தர மாட்டான், கார்ட் இல்லாம கடன் வரலாறு எப்படி வரும்? வீடு எடுக்கப் போனாலும் இதே கதை.

மஸ்கெலியா:
உண்மை. முகவரிக்கு பில் கேப்பாங்க. அறையில ஒண்டி இருக்கிறவன் பேர்ல எந்த பில் வரும்? ஊர்ல பத்து வருசம் ஒழுங்காக் கட்டின கணக்கை இங்க யாரும் மதிக்கிறதில்ல.

பண்டாரவளை அக்கா:
புலம்பாம வாக்காளர் இடாப்புல பதிங்க. இலங்கை பொதுநலவாய நாடு, முறையான விசாவுல இங்க வசிக்கிறவங்க பதியலாம். முகவரி உறுதியாகும், கார்ட் கிடைக்கிறதும் லேசாகும்.

ஹட்டன் வங்கிக்காரர்:
தம்பி எந்த நாடுன்னே சொல்லலையே. ஊர்ல கிரெடிட் கார்ட் இருக்கா?

தலவாக்கலை தம்பி:
மன்னிச்சுக்குங்க அண்ணே, லெஸ்டர்ல இருக்கேன். ஊர் கிரெடிட் கார்ட் ஒண்ணு கையில இருக்கு. ஊர் சிம் அண்ணன்கிட்ட தோட்டத்துல இருக்கு.

ஹட்டன் வங்கிக்காரர்:
அப்ப புதுக் கார்டைத் தேடாதீங்க, காருக்கு ஊர்க் கார்டையே பாவியுங்க. சனிக்கிழமைக்குள்ள கைக்கு வராது, வந்தாலும் புது ஆளுக்கு 200, 300 பவுண் லிமிட்தான். கார் கொம்பனி பிடிச்சு வைக்கிற டெபொசிட்டே அதுக்கு மேல இருக்கும். இன்னைக்கே கார் கொம்பனிகிட்ட டெபொசிட்டா எவ்வளவு ஹோல்ட் பண்ணுவீங்கன்னு கேளுங்க. அது பில் இல்ல, ஆனா அந்தத் தொகை லிமிட்ல முடங்கிரும், காரைக் கொடுத்த பிறகும் விடுபட நாளாகும். அதனால அந்தக் கார்டையே மத்தச் செலவுக்கு நம்பாதீங்க.

அடுத்து வங்கி ஹொட்லைனுக்கு எடுத்து வெளிநாட்டுப் பாவனை திறந்திருக்கா, மிச்ச லிமிட் எவ்வளவுன்னு கேளுங்க. பின் நம்பர் தெரியாட்டி இப்பவே மாத்துங்க, கவுன்டர்ல மெசின் அதைத்தான் கேக்கும். வங்கி அனுப்புற ஓடீபீ ரகசிய நம்பர் ஊர் சிம்முக்குத்தான் போகும். அண்ணனை ரீலோட் போட்டு சிக்னல் உள்ள இடத்துல இருக்கச் சொல்லுங்க.

நம்ம ஆளுங்க மாட்டுறது பேர்ல. லைசன்ல அப்பா பேரு முழுசா முன்னால நிக்கும், கார்டுல அது ஒரு எழுத்தா சுருங்கியிருக்கும். பாஸ்போர்ட்டையும் கொண்டு போங்க, போனிலயே அந்த வித்தியாசத்தைச் சொல்லி வையுங்க. கூட்டாளியோட கார்ட் செல்லாது, ஓட்டுறவர் பேர்ல இருக்கணும். நம்ம லைசன் நீங்க அங்க குடியேறினதுல இருந்து 12 மாசம் செல்லும்.

மெசின் ரூபாயா பவுணான்னு கேட்டா பவுணை அமத்துங்க. ரூபாய்னா அவங்க வச்ச மாற்று விகிதத்துல கூடுதலாப் போகும். பவுண்லயும் நம்ம வங்கிக் கட்டணம், முத்திரை வரி உண்டு, அதைத் தவிர்க்க முடியாது. ஏடிஎம்ல மட்டும் இந்தக் கார்டைப் போடாதீங்க, எடுத்த நாள்ல இருந்தே வட்டி ஓடும்.

லிமிட் போதலன்னா கார் கொம்பனிகிட்ட முழுக் காப்புறுதிப் பொதி எடுத்தா டெபிட் கார்ட் எடுப்பீங்களான்னு கேளுங்க, சிலர் எடுப்பாங்க. ஹோல்ட் தொகை தெரிஞ்சதும் இங்க போடுங்க தம்பி.