அஸ்தேயம்: கீழ்த் தோட்டத்து கறிவேப்பிலையும் கணக்குல வருமா?

யீஷூன் மருமக:
வணக்கம். இங்க சிங்கப்பூர்ல சமூக மன்றத்துல யோகா கிளாஸ் போறேன், டீச்சர் இப்போ ஆசனத்தோட யமம் நியமமும், அதாவது விலக்க வேண்டியதும் கடைப்பிடிக்க வேண்டியதும், சேத்து சொல்லித் தராங்க, இந்த வாரம் அஸ்தேயம், அடுத்தவங்க பொருள எடுக்காம இருக்கிறது. நாம என்ன திருடவா போறோம்னு பெருசா கண்டுக்கல. வீட்டுக்கு வந்தா மாமியார் எங்க அடுக்குமாடி புளோக் கீழ இருக்கிற தோட்டத்துலேர்ந்து ஒரு பிடி கறிவேப்பிலை கொண்டாந்து வெச்சிருக்காங்க, தினமும் நடக்குறதுதான். கேட்டா "பொதுச் செடிதானேம்மா, இதுக்குப் போயி தேக்கா சந்தை வரைக்கும் அலையணுமா"ங்கிறாங்க. இது அஸ்தேயத்துல வருமா, இல்ல நான்தான் ஓவரா யோசிக்கிறேனா? அவங்க மனசு நோகாம எப்படி சொல்றது?

கோப்பி ஓ கோசோங்:
ஓவர்தான் லா. ஒரு பிடி இலைக்கு யோக சூத்திரம் எழுதின பதஞ்சலிய எதுக்கு எழுப்புறீங்க. மத்தியானம் ஹாக்கர் சென்டர் உணவுக்கடைப் பக்கம் போய் பாருங்க, டிஷ்யூ பாக்கெட்ட போட்டு நாலு பேர் மேசைய சோப் பண்ணி, அதான் இடம் பிடிச்சு வெச்சிட்டு, கியூவுல நிக்கிறாங்க, சுடச்சுட சூப் கிண்ணத்த ஏந்திக்கிட்டு ஒரு பாட்டி இடம் தேடி சுத்துது. அத முதல்ல கேளுங்க.

தோட்டத்து மாமா:
தம்பி, தோட்டத்துல வேலை செஞ்சு பாருங்க தெரியும். தேசியப் பூங்காக் கழகம் என்பார்க்ஸோட கம்யூனிட்டி இன் புளூம்ங்கிற சமூகத் தோட்டத் திட்டம் 2005ல ஆரம்பிச்சது, ஆனா மண்ணள்ளிப் போட்டு தண்ணி ஊத்துறது புளோக்ல இருக்கிற நாங்கதான். இலை போனா போவுது, கொத்த வெட்டாம வெடுக்குனு இழுக்கும்போது பட்டையோட கிழியுது பாருங்க, அங்கதான் வயிறு எரியும். மருமகளே, சண்டை வேணாம். தண்ணி ஊத்துற நேரமா பாத்து மாமியார கூட்டிட்டுப் போய் பேச விடுங்க. பெரியவங்க வாய்விட்டு கேட்டா யாரும் இல்லைங்க மாட்டாங்க, வேர்லேர்ந்து கன்னு கிளம்பும், அதுல ஒண்ணு தொட்டியில வெச்சே குடுப்பாங்க.

சராங்கூன் அக்கா:
மாமா சொன்னது சரி. யோக சூத்திரத்துல ரெண்டாம் பாதம் 30ல அஞ்சு யமம் வருது, அஸ்தேயம் மூணாவது. 37ல பதஞ்சலி, இதுல நிலைச்சு நின்னா ரத்தினமெல்லாம் தானா வந்து சேரும்ங்கிறார். நம்ம திருமூலர் இயமத்த பத்தா சொல்றார், களவிலான்னு சொன்ன அதே பாட்டுல பகுத்துண்பான்னும் வெச்சிருக்கார், எடுக்காம இருந்தா மட்டும் பத்தாது போல.

ஆனா எனக்கு இலைய விட அடுத்தவங்க நேரத்த எடுக்கிறதுதான் உறுத்துது. வீட்டுப் பணிப்பெண்ணுக்கு இங்க 2023 ஜனவரிலேர்ந்து மாசம் ஒரு ஓய்வு நாளாவது கட்டாயம் விடணும், அதுக்குப் பதிலா காசு குடுத்து சரிக்கட்ட முடியாது. எல்லாரும் விடத்தான் விடுறாங்க. எனக்குத் தெரிஞ்ச வீடுகள்ல எப்படின்னா, ஞாயித்துக்கிழமை அந்தப் பிள்ள பாத்ரூம் கழுவி, இட்லி மாவு ஆட்டி, தாத்தா மாத்திரை டப்பாவ ரொப்பி வெச்சு, பத்தரைக்குத்தான் செருப்பு மாட்டுது, சாயங்காலம் ஆறுக்கெல்லாம் "எங்க இருக்க"ன்னு மெசேஜ். பேருக்கு ஓய்வு நாள். கேட்டா "நாங்க அவள வீட்டுப் பிள்ளையாட்டம் பாத்துக்கிறோம்"பாங்க. அஸ்தேயத்த நான் அங்கேர்ந்துதான் ஆரம்பிப்பேன்.

கோப்பி ஓ கோசோங்:
அக்கா, இதுக்கு பதிலே இல்ல. அப்படியே ராத்திரி பத்து மணிக்கு "சின்ன வேலைதான்"னு வாட்ஸ்அப்ல ஃபைல் அனுப்புற பாஸுங்களையும் அந்த யோகா கிளாஸ்ல சேத்து விடுங்க, ஃபீஸ் நான் கட்டுறேன்.