சளி டெஸ்ட் நெகட்டிவ், ஆனா அம்மாவுக்கு சாயங்காலக் காய்ச்சல் நிக்கல

கோத்தகிரிப் பையன்:
அம்மாவுக்கு முடக்குவாதம், நாலு மாசமா ஸ்டீராய்டு 20 எம்ஜி போடுறாங்க. ஒரு மாசமா இருமல், இந்தப் பனில கொழுந்து எடுக்கப் போனா யாருக்குத்தான் இருமாதுன்னு சுக்கு காபி போட்டுக் குடுத்துக்கிட்டே இருந்துட்டோம். இப்ப சாயங்காலமானா லேசா காய்ச்சல், ராத்திரி வேர்த்து நைட்டியே நனையுது (எங்க ஊரு குளிருக்கு வேர்க்குதுன்னா பாத்துக்கோங்க), தீபாவளிக்குத் தைச்ச ஜாக்கெட் தொளதொளன்னு தொங்குது. சளி டெஸ்ட் நெகட்டிவ், எக்ஸ்ரேயும் கிளியர்னு ஒரு கிளினிக்ல அனுப்பிட்டாங்க. அப்ப டிபி இல்லதானே? ஸ்டீராய்ட நிறுத்திரவான்னு அம்மா கேக்குறாங்க.

குன்னூர் நர்ஸக்கா:
தம்பி, மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க, பட்டுனு விட்டா பிரஷர் இறங்கி ஆள் விழுந்துருவாங்க. நுரையீரல்ல ஓட்டை விழுறதே கிருமியோட உடம்பு போடுற சண்டையாலதான், எதிர்ப்பு சக்திய ஸ்டீராய்டு அமுக்கி வச்சிருந்தா சண்டையும் கம்மி, சில நேரம் எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியாது, சளிலயும் கிருமி கம்மியாத்தான் வரும். மைக்ராஸ்கோப்ல தெரியணும்னா ஒரு மில்லி சளில 5,000 கிருமியாவது வேணும், கிருமியோட மரபணுவத் தேடுற சிபிநாட் டெஸ்டுக்கு நூத்தி சொச்சமே போதும். கவர்மென்ட்ல இலவசம், கேட்டு வாங்குங்க. காலைல வாய வெறும் தண்ணில கொப்பளிச்சிட்டு நெஞ்சுல இருந்து இருமி எடுக்கச் சொல்லுங்க, எச்சில் உதவாது. டிபி இருக்கான்னு பாக்கக் கையில போடுற மாண்டூ ஊசி வீங்கலன்னாலும் நம்பாதீங்க, அது வீங்கவும் அதே எதிர்ப்பு சக்திதான் வேணும்.

கொடைக்கானல்காரன்:
நான் கிட்னி மாத்துனவன், எதிர்ப்பு சக்திய அமுக்குற மாத்திரை எனக்கும் உண்டு. எனக்கு டிபி நுரையீரல்ல வரவே இல்ல, கழுத்துல நெறிகட்டி ஊசில உறிஞ்சி எடுத்துப் பாத்துதான் டிபின்னாங்க. ஒண்ணு சொல்றேன், டிபி மாத்திரைல ரிஃபாம்பிசின்னு ஒண்ணு இருக்கு, அது ஸ்டீராய்ட உடம்புல சீக்கிரம் கரைச்சிரும், மூட்டு வலி திரும்பக் கெளம்பும், அதனால மூட்டு டாக்டருக்கும் சொல்லிருங்க. மூத்திரம் ஆரஞ்சு கலர்ல போகும், நான் ரத்தம்னு நெனச்சு வத்தலக்குண்டுக்கு பஸ் ஏறி ஓடுனவன்.

கோத்தகிரிப் பையன்:
சிபிநாட்ல பாசிட்டிவ் வந்துருச்சுக்கா. ரிஃபாம்பிசின் வேலை செய்யுமாம், 6 மாசம் மாத்திரை. ஸ்டீராய்டு டோஸ் ரெண்டு டாக்டரும் பேசி மாத்திக் குடுத்தாங்க. சத்துணவுக்கு மாசம் 1,000 ரூபா வரும்னு பாஸ்புக் வாங்குனாங்க. எஸ்டேட் லயன் வீட்ல ஒரே ரூம்ல எங்க அக்காவோட பாப்பாவும் தூங்குது, 3 வயசு, அதையும் செக் பண்ணணுமாம். நாளைக்கு மொத பஸ்ல தூக்கிட்டுப் போறோம்.